இறக்குமதித் துன்பம்

நெவில் குவாங் சீனர் என்பதை அரசாங்கம் கண்டுபிடித்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அதுவரை அந்த விஷயம் வில்காண்டியில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. கூடப் படித்தவர்கள் அதை அவருக்கு நாள் தவறாமல் நினைவூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் முறைப்படி, முத்திரை குத்தும் அதிகாரம் உள்ளவர்கள் சிட்னியிலிருந்து கார் பிடித்து வந்து, அவர் போதுமான அளவுக்குச் சீனர்தானா என்று சோதித்தது அதுதான் முதல் தடவை.

வில்காண்டியில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர்கள் புல்தரையில் பந்து உருட்டுகிற கிளப் ஒன்று உண்டு. அதன் சமையற்கட்டு வெகுகாலமாகக் குத்தகைக்கு நெவில் கையிலும் அவர் மனைவி ஃபிலிஸ் கையிலும் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே அங்கேதான். புளிப்பும் இனிப்புமாகப் பன்றிக்கறி, எலுமிச்சைக் கோழி, மாவுக்குள் கறி பொதிந்து எண்ணெயில் பொரித்த டிம்சிம், பாதித் தட்டு சோறு, பாதித் தட்டு உருளைக்கிழங்கு சிப்ஸ். எதைக் கேட்டாலும் ஓரத்தில் வெண்ணெய் தடவிய இரண்டு துண்டு ரொட்டி வரும். நெவிலின் அப்பா அப்படித்தான் பரிமாறினார், நெவிலும் அப்படியே. தட்டில் மிச்சமிருக்கும் குழம்பை ரொட்டியால் துடைத்துத் தின்னாமல் அந்த ஊரில் யாரும் மேஜையை விட்டு எழுந்ததில்லை.

சமையற்கட்டின் கூரை ஒழுகியது. புதுக் கூரைக்கு மாநில அரசு மானியம் தரத் தயாராக இருந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு. அங்கே சமைப்பவர் பிறநாட்டு உணவக வெற்றி வாரியத்தின் முத்திரை பெற்றவராக இருக்க வேண்டும். கிளப் தலைவர் ரஸ் டிரான்டர் இந்தச் செய்தியை நெவிலிடம் தோளில் கை போட்டபடி சொன்னார். ரஸ் கெட்ட செய்தி சொல்லும்போதெல்லாம் தோளில் கை போடுவார்.

"முத்திரை இல்லேன்னா குத்தகை இல்ல, நெவ். மனசுல ஒண்ணும் வச்சுக்காத. தனிப்பட்ட முறையில நான் உன் கைப்பக்குவத்துக்கு ரசிகன்."

"நான் வேணும்னா கூரையை நானே சரி பண்ணிடறேனே, ரஸ்."

"கூரை பெரிசில்லப்பா. மானியம்தான் பெரிசு."

வாரியம் சிட்னியில் ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தது. அதன் உறுப்பினர்களில் ஒருவர்கூடச் சாப்பாட்டுக் கடை நடத்தியதில்லை. அதை அங்கே நடுநிலைமை என்று சொன்னார்கள். வெளிநாட்டில் போய்க் கடை போடுகிறவர்களில் சிலர் மட்டும் ஏன் ஜெயிக்கிறார்கள் என்று அவர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். எந்தக் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்: சாப்பாடு வாய்க்கு நன்றாக இருக்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும், பெண்டாட்டி சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். ஆனால் கடைக்காரர்களைக் கேட்கவில்லை. அவர்கள் விஷயத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பதால் தெளிவாகப் பார்க்க மாட்டார்கள் என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தது. வெற்றிக்குக் காரணம் தூரம், துன்பம், அலட்சியம் ஆகிய மூன்றுதான் என்றது அறிக்கை. ருசியைப் பற்றிப் பின்னிணைப்பில் ஒரு வரி இருந்ததாகக் கேள்வி.

இந்த மூன்றையும் அளப்பதற்காக வில்காண்டிக்கு வந்து இறங்கியவர் டாக்டர் இமோஜென் பெவரல். வாரியத்தின் தலைமை மதிப்பீட்டாளர். காதில் பெரிய பெரிய மரத் தோடுகள். நெவிலைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் குவித்துத் தலை குனிந்து வணங்கினார். நெவில் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை குலுக்கினார். அதிலேயே கொஞ்சம் மதிப்பெண் போயிற்று.

"நீங்க எங்கேருந்து வர்றீங்க, மிஸ்டர் குவாங்?"

"மில் தெருவுலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி அப்பா வீட்ல இருந்தோம். சர்ச் தெரு."

"இல்ல, நான் கேக்கறது, உண்மையில எங்கேருந்து?"

நெவில் யோசித்தார். "இந்த ஊர் ஆஸ்பத்திரியில பொறந்தேன். அதை இப்ப இழுத்து மூடிட்டாங்க. திரும்பிப் போறதுன்னாலும் போக முடியாது."

டாக்டர் பெவரல் வருத்தத்தோடு தலையாட்டி, 'வேர்கள் பலத்த சேதம்' என்று குறித்துக்கொண்டார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"இது என்ன?"

"ரொட்டி."

"சீனச் சாப்பாட்டோடயா?"

"வெண்ணெய் தடவியிருக்கு" என்றார் நெவில், அவருக்கு வெண்ணெய் இல்லாததுதான் குறையோ என்று நினைத்து.

"அப்ப இது?"

"டிம்சிம்."

"இந்த மாதிரி ஒரு பண்டம் சீனாவுல எங்கேயும் கிடையாது, மிஸ்டர் குவாங்."

"அதான் இங்க வந்து சாப்பிடறாங்க போல" என்றாள் ஃபிலிஸ், அடுப்பிலிருந்து திரும்பாமலேயே.

டாக்டர் பெவரல் பேனாவை மூடினார். அவருக்குக் கோபமே வராது. யார் மேல் கோபப்பட வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் பயிற்சி வகுப்பு கொடுப்பது வாரியத்தின் வழக்கம்.

பயிற்சி முகாம் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. சுற்று வட்டாரத்தில் 'பிறநாட்டார்' என்று வாரியம் தீர்மானித்த எல்லோரும் வந்திருந்தார்கள். மூன்று தலைமுறையாக மீன் பொரித்து விற்கும் ஒரு கிரேக்கரிடம், கிரேக்கக் கொண்டாட்டங்களில் உடைப்பது போல வாரம் ஒரு தட்டாவது உடைக்க வேண்டும் என்றார்கள். ஓர் இத்தாலியரைக் கூப்பிட்டுக் கைகளை இன்னும் கொஞ்சம் வீசிப் பேசச் சொன்னார்கள். அவருக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ஒரு கை ஆட்டினால் பாதி மதிப்பெண்தான் என்று சொல்லிவிட்டார்கள். ரொட்டி சுடும் லெபனான் அம்மாள் ஒருத்தி, வாடிக்கையாளர் முன்னால் கண்ணீர் விடப் பழக வேண்டும் என்று அவர்கள் சொல்லக் கேட்டதும் உண்மையாகவே அழுதுவிட்டாள். அவளுக்கு அன்றைக்கே முத்திரை கொடுத்தார்கள்.

தொடக்க உரை டாக்டர் பெவரலுடையது.

"வியட்நாம்ல, ஹனோய்ல ஒரு சந்துல, முட்டி இடிக்கிற ஸ்டூல்ல உக்காந்து நான் ஒரு சூப் குடிச்சேன். அந்தக் கடைக்கார அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. சில்லறையைத் தூக்கிப் போட்டாங்க. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு மரியாதையா யாரும் என்னை நடத்தினதில்ல. உங்க வாடிக்கையாளர் சாப்பிட மட்டும் வரல. அவங்க பயணம் போக வர்றாங்க. விமானச் செலவு இல்லாம, தடுப்பூசி இல்லாம, வயித்துப்போக்கு இல்லாம ஒரு பயணம். அதை நீங்க சிரிச்ச முகத்தோட கெடுத்துடக் கூடாது."

ஆகவே சிரிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வாடிக்கையாளரை நிற்க வைத்து, சுவரைப் பார்த்து, பிறகு தட்டை லொட்டென்று வைக்க வேண்டும். நெவில் மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் தட்டு மெத்தென்றுதான் உட்கார்ந்தது. மூன்றாவது முறை வாய் தவறி, "சூடா இருக்கு, பாத்துங்க" என்று வேறு சொல்லிவிட்டார். அவருக்குச் சுழியம். ஃபிலிஸுக்கு முதல் நாளே முழு மதிப்பெண். உங்களுக்குப் பயிற்சியே தேவையில்லை என்று பாராட்டினார்கள்.

"இத்தனை வருஷம் உன்கூட குப்பை கொட்டினது வீண் போகல பாத்தியா" என்றாள் அவள், காரில் திரும்பும்போது.

உணவுப் பட்டியலில் எண்கள் இருக்க வேண்டும், ஆனால் முப்பத்தேழாம் எண் மட்டும் இருக்கக் கூடாது என்பது அடுத்த உத்தரவு. யாராவது கேட்டால், அது எங்க ஆட்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். ஊரில் நெவிலின் ஆட்கள் என்றால் நெவிலும் ஃபிலிஸும்தான். இரண்டே வாரத்தில் முப்பத்தேழாம் எண்ணைத் தின்றே தீருவதென்று மாட்டுப் பண்ணைக்காரர்கள் சிலர் கிளம்பினார்கள். ஒருவர் கதவைச் சாத்திவிட்டு இரட்டை விலை தருவதாகச் சொன்னார். அது என்ன பண்டம் என்று நெவிலுக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

டிம்சிம் போயிற்று. சிப்ஸ் போயிற்று. ரொட்டி போன வெள்ளிக்கிழமைதான் கஷ்டமாக இருந்தது. எட்னா போகாக் என்ற ஓய்வு பெற்ற டீச்சர், பாதி ஊருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொட்டி எங்க நெவில்?"

நெவில் சுவரைப் பார்த்தார். பிறகு, "மன்னிச்சுக்குங்க மிஸஸ் போகாக், நான் இப்ப அலட்சியமா இருக்கணும்" என்று கிசுகிசுத்தார்.

"சரி, இரு. ஆனா ரொட்டியைக் குடுத்துட்டு இரு."

அன்றிலிருந்து ஃபிலிஸ் சமையற்கட்டின் பின் ஜன்னல் வழியாக, பழைய செய்தித்தாளில் சுற்றி, வெண்ணெய் ரொட்டி விற்க ஆரம்பித்தாள். மேல் கோட்டுக்குள் மறைத்து எடுத்து வந்து மேஜைக்கு அடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். டிம்சிம்மும் அந்த வழியிலேயே வந்தது. கூட்டம் இரட்டிப்பாயிற்று. வாரியத்தின் காலாண்டு மலரில், 'மூன்று தூண்கள் கண்ட வெற்றி' என்று வில்காண்டியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார்கள்.

தூரம் ஆயிற்று, அலட்சியம் ஆயிற்று. மிச்சம் இருந்தது துன்பம். அதற்குத்தான் கடைசித் தேர்வு. அதில் தேறினால் முத்திரை, முத்திரை வந்தால் குத்தகை. தேறாவிட்டால், சீனாவில் இரண்டு வருஷம் தங்கிச் சமையல் படித்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் சமையற்கட்டைக் கொடுப்பதாக ரஸ் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். நெவிலுக்கு அது தெரியும். அந்த அடுப்பைத் தவிர அவருக்கும் ஃபிலிஸுக்கும் வேறு வேலை தெரியாது என்பது ரஸ்ஸுக்குத் தெரியும்.

தேர்வு கிளப் கூடத்தில், சாப்பிட வந்த ஊர் முன்னால். கடைக்காரர் தன் குடும்பத்தின் துன்பக் கதையைச் சொல்ல வேண்டும். தேறினால் அது பலகையில் பொறிக்கப்பட்டு, சாப்பிடுகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரி மாட்டப்படும். கதை இல்லாதவர்களுக்கு வாரியமே ஒன்று எழுதிக் கொடுத்தது. நெவில் அதை மனப்பாடம் செய்திருந்தார். மேடையேறித் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்குப் பதினாலு வயசு. புயல். சின்னப் படகு. நாங்க சீனாவை விட்டுக் கிளம்பினோம்."

"நெவில்" என்றார் எட்னா போகாக், முன் மேஜையிலிருந்து. "பதினாலு வயசுல நீ என் வகுப்புலல்ல இருந்த. கணக்குல ஃபெயில்."

கூடம் சிரித்தது. நெவிலும் சிரித்துவிட்டார். டாக்டர் பெவரல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கனிவோடு முன்னால் குனிந்தார்.

"உண்மையா ஏதாவது இருக்கா, மிஸ்டர் குவாங்? ஒரு சின்னத் துன்பம். சும்மா சொல்லுங்க."

நெவில் ஜன்னல் பக்கம் திரும்பினார். குடும்பத்தில் ஒரு கதை உண்டு, அதை அவர் வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா சொன்னதுகூட ஒரே தடவைதான், அதுவும் வண்டி ஓட்டிக்கொண்டே, சாலையைப் பார்த்தபடி.

"இந்த ஜன்னல்ல தெரியுதே புல்தரை" என்றார், "அது என் கொள்ளுத்தாத்தாவோட முட்டைக்கோஸ் தோட்டம். குவாங் சிங்னு பேரு. ஆத்துலேருந்து தோள்ல தண்ணி சுமந்து வளத்தாரு. இந்த ஊருக்கே அவர்தான் காய். ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாங்க. சர்ச் முடிஞ்சு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி. குடிசையைக் கொளுத்தினாங்க. காயெல்லாம் பிடுங்கிப் போட்டாங்க. சில பேர் வீட்டுக்கும் எடுத்துட்டுப் போனாங்க, நல்ல காய் இல்லையா. அவர் தம்பி காய்ச்சல்ல உள்ள படுத்திருந்தாரு. அவர் வெளிய வரல."



"யாருன்னு தெரியாதா?" என்று கேட்டார் டாக்டர் பெவரல், மெல்லிய குரலில்.

"தெரியாம என்ன. எல்லாரும் அவர்கிட்ட கடன் சொல்லிக் காய் வாங்கினவங்கதான். முன்னாடி நின்னவர் ஆல்ஃபிரட் டிரான்டர். அப்புறம் நிலமும் அவர் பேருக்கு மாறிடுச்சு."

ஒருவரும் ரஸ் டிரான்டர் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அவரவர் தட்டில் அவரவருக்குத் திடீரென்று ஏதோ வேலை இருந்தது. ரஸ்ஸின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு மெல்லக் காது வரைக்கும் ஏறியது.

"கிளப் வரலாறுல அது காலி நிலம்னுதான் இருக்கு" என்றார் ரஸ். கிளப் வரலாற்றை எழுதியவர் ரஸ்ஸின் அப்பா.

டாக்டர் பெவரல் தன் முன்கையைக் காட்டினார். "பாருங்க, புல்லரிச்சுப் போச்சு. இந்த மாநிலத்துலேயே இப்படி ஒரு துன்பம் நான் கேட்டதில்ல. அருமை. ஆனா ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல் இருக்கு."

"என்ன?"

"இது இங்க நடந்திருக்கு."

நெவிலுக்குப் புரியவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். "ஆமா. இங்கதான்."

"எங்க விதிப்படி துன்பம் இறக்குமதியா இருக்கணும், மிஸ்டர் குவாங். உள்ளூர்த் துன்பத்துக்கு முத்திரை கிடையாது. இதுல ஒரு நியாயம் இருக்கு, கேளுங்க. சாப்பிட வர்றவர் உங்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்படணும். அதே நேரத்துல, ஐயோ பாவம், நாமதான் இவங்களுக்கு இடம் குடுத்தோம்னு அவர் மனசு நிறையணும். அந்த நிறைவுலதான் இன்னொரு பாட்டில் ஒயின் கேப்பார். நீங்க இப்ப சொன்னதைக் கேட்டா, பாவம், அவர் பில்லைக்கூடக் கேக்காம எழுந்து போயிடுவார். இது உங்க நன்மைக்குத்தான்." பிறகு அவர் முகம் பிரகாசமாயிற்று. "ஆனா கதையை வீணாக்க வேண்டாம். ஒண்ணையும் மாத்த வேண்டாம். அப்படியே சீனாவுல கான்டனுக்கு மாத்திடுங்க. ஊர்ப் பேர் மட்டும்தான். இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

ரஸ்ஸின் காதிலிருந்து சிவப்பு இறங்கியது. "எனக்கு அது நல்ல யோசனையாத்தான் படுது" என்றார். "கான்டன்ல இது நடந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு."

நெவில் சமையற்கட்டுக்குள் போனார். ஃபிலிஸ் எல்லாவற்றையும் பரிமாறும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன பண்ணப் போற? கொள்ளுத்தாத்தாவைச் சீனாவுக்குத் திருப்பி அனுப்பப் போறியா?"

"ஊர்ப் பேர் மட்டும்தான்னு சொல்றாங்க."

"டிரான்டர் கும்பல் நெருப்பு வச்சும் அந்த மனுஷன் இந்த ஊரை விட்டு நகரலயேய்யா. நீ ஒரு கையெழுத்துல அனுப்பிடுவ போல."

"வேற எங்க போய்ச் சமைப்போம், ஃபிலிஸ்? இந்த வயசுல யார் நம்மளை வேலைக்கு வச்சுப்பாங்க? நீயே சொல்லு."

போக வேறு இடமில்லை என்று ஃபிலிஸுக்கும் தெரியும். அது அவளுக்கு அவர்மேல் இருந்த கோபத்தைவிடப் பெரிய கோபமாக இருந்தது. வாணலியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே தேய்த்து வைத்த வாணலி.

நெவில் வெளியே போய்க் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது. அப்பாவிடம் சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஐந்து வருஷக் குத்தகை கிடைத்தது. புதுக் கூரை வந்தது. பலகையும் வந்தது, கண்ணாடி போட்டு, விளக்கு வைத்து: கான்டனில் அமைதியாகக் காய் வளர்த்த குவாங் சிங், அவர் மேல் பொறாமை கொண்ட கயவர்கள், நெருப்பு, காய்ச்சலில் கிடந்த தம்பி. கடைசி வரியை டாக்டர் பெவரலே சேர்த்திருந்தார்: 'பரந்த மனம் கொண்ட வில்காண்டி அவருக்குக் கதவைத் திறந்தது.' அதன் பிறகு வாரியத்திலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. முத்திரை கொடுத்த கடைக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிடும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

பலகையைப் படித்து முதலில் கண் கலங்கியவர் ரஸ் டிரான்டர். நடிப்பு என்று சொன்னால் பாவம். உண்மையான கண்ணீர், கைக்குட்டையால் துடைத்தார். அவருக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வெளியூர்க் கிளப்காரர்கள் பந்து உருட்ட வந்தால், ஆட்டம் முடிந்ததும் அவர்களைப் பலகைக்கு முன்னால் நிறுத்தித் தானே சொல்வார். ஒவ்வொரு தடவையும் நெருப்பு கொஞ்சம் பெரிதாகும்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு பெண்கள் அணி வந்திருந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ரஸ் மேஜையின் ஒரு முனையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சே கொளுத்தியிருக்கானுங்க. மனுஷங்களா அவனுங்க? நம்ம ஊரா இருந்தா விட்டிருப்போமா? அந்த நிலத்தையும் அமுக்கிட்டானுங்க. அவனுங்க பேரனுங்க இன்னிக்கு வெக்கமில்லாம அது மேல உக்காந்து தின்னுட்டிருப்பானுங்க." அவர் குரல் தழுதழுத்தது. "நல்லவேளை, உங்க ஆளுங்க இங்க வந்து சேந்தாங்க. இல்லையா நெவ்?"

"ஆமாங்க, ரஸ்" என்றார் நெவில், தட்டுகளை அடுக்கியபடி.

அணியின் தலைவி, வெயிலில் கறுத்த ஓர் அம்மாள், மூக்கை உறிஞ்சினாள். "கேக்கவே நெஞ்சு வலிக்குது. யார் அந்தப் பாவி? பேர் ஏதாவது தெரியுமா?"

ரஸ் நெவிலைப் பார்த்தார். நெவில் கையிலிருந்த தட்டுகளைப் பார்த்தார்.

"பழைய காலத்துச் சீனப் பேருங்க" என்றார் நெவில். "சொன்னா உங்க வாயில நுழையாது."

மேஜை சிரித்தது. ரஸ் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார், சிரித்துக்கொண்டே நெவிலின் தோளில் கை போட்டார்.

பரிமாறும் ஜன்னலில் ஃபிலிஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து லொட்டென்று வைத்தாள்.

"அதெல்லாம் நல்லா நுழையும்" என்றாள். "சின்னப் பேருதான். நீங்க ரஸ்ஸையே கேளுங்க."

அந்தப் பெண்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ரஸ்ஸைப் பார்த்தார்கள்.